டேங்குக்குள் ஒரு ஸ்பூன் கடல்: எஃகு சிலிண்டர் வைத்திருக்கும் முக்குளிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சொந்தமாக எஃகு டேங்க் வாங்கி, வாரக் கடைசிகளில் கடலிலோ ஏரியிலோ இறங்கிக்கொண்டிருக்கும் நண்பர்களே,

சென்னையிலோ புதுச்சேரியிலோ அந்தமானிலோ டைவ் சென்டர்களில் வாடகைக்குத் தருபவை பெரும்பாலும் அலுமினிய சிலிண்டர்கள். இம்மடல் அவற்றைப் பற்றியதல்ல. லண்டனில், டொராண்டோவில், குளிர்ந்த நீர் உள்ள ஊர்களில் குடியேறி, அங்கே டைவிங் பழகி, சொந்தமாக எஃகு சிலிண்டர் வாங்கியவர்கள் உங்களில் பலர். ஊருக்குத் திரும்பும்போது அதைக் கையோடு கொண்டுவந்தவர்களும், யாரோ விற்றதை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியவர்களும் இருப்பீர்கள். அந்த சிலிண்டர் இப்போது எங்கே இருக்கிறது? கார் ஷெட்டின் மூலையிலா, மாடிப்படிக்குக் கீழேயா? அதன் வால்வைக் கழற்றி உள்ளே விளக்கு அடித்துப் பார்த்து எத்தனை நாளாகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் இம்மடல்.

எஃகைத் தேர்ந்தெடுத்தது தவறில்லை. 1943இல் குஸ்தோவும் காஞ்யானும் பிரான்சில் அக்வாலங் என்ற முக்குளிப்புச் சுவாசக் கருவியைச் சோதித்தபோது முதுகில் இருந்தது எஃகு பாட்டில்தான். அலுமினியம் பரவலாக வந்தது 1970களில். இன்றைக்கும் குளிர்நீர் டைவர்கள் எஃகை விடாததற்கு நியாயமான காரணம் உண்டு. வழக்கமான 80 கன அடி அலுமினிய சிலிண்டர், காற்று தீரத் தீர லேசாகி, கடைசியில் ஏறத்தாழ 2 கிலோ மிதப்பு கொடுத்து ஆளை மேலே இழுக்கும். எஃகு சிலிண்டர்களில் பெரும்பாலானவை காலியான பிறகும் அமிழ்ந்தே இருக்கும். தடித்த டிரை சூட் போட்டவருக்கு அது இடுப்பில் கட்டும் ஈயத்தில் சில கட்டிகளைக் குறைத்துக் கொடுக்கும். நன்றாகப் பராமரித்த எஃகு சிலிண்டர் நாற்பது ஐம்பது வருடம் உழைக்கும். அப்பா வாங்கியதை மகள் கட்டிக்கொண்டு இறங்கலாம்.

பராமரித்தால் மட்டும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்ஸைடு இறுக ஒட்டிக்கொண்டு, கீழே இருக்கும் உலோகத்துக்குத் தானே கவசமாகிவிடும். இரும்பின் துருவுக்கு அந்தக் குணம் கிடையாது. அது உப்பும், பொரியும், உதிரும், உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும், அதுவும் துருவாகும். அலுமினிய சிலிண்டரின் சுவர் கனமானது. எஃகின் சுவரோ சுமார் 4 மில்லிமீட்டர்தான். அதில் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி விழுந்தால் அந்த இடத்தில் சுவரின் கால்பங்கு போயிற்று. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைந்து கிடக்கும் காற்று ஒரே நொடியில் வெடித்து வெளியேறினால், ஒரு டன் எடையுள்ள காரை 45 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமமான ஆற்றல் வெளிப்படும். அதைத்தான் அந்த 4 மில்லிமீட்டர் தாங்கிக்கொண்டிருக்கிறது.

வெளியே தெரியும் துருவைக் கண்டு பதறுபவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரிவதால் அதைக் கவனிக்கவாவது செய்கிறார்கள். பயப்பட வேண்டியது உள்ளே இருக்கும் துருவுக்கு. துருப்பிடிக்க இரும்பு, ஆக்ஸிஜன், ஈரம் மூன்றும் வேண்டும். இரும்பு டேங்காகவே இருக்கிறது. ஆக்ஸிஜனை நாமே அடைக்கிறோம், அதுவும் கொஞ்சநஞ்சமாக அல்ல: 200 பார் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கழுத்தம் மட்டும் 42 பார், வெளியே நாம் சுவாசிப்பதைப்போல 200 மடங்கு. மிச்சம் இருப்பது ஈரம் ஒன்றுதான். அது தானாக உள்ளே போவதில்லை.

எப்படிப் போகிறது என்று காற்று நிரப்பும் இடத்தில் நின்று பாருங்கள். டைவ் முடிந்து படகிலிருந்து இறக்கிய சிலிண்டர்கள் சொட்டச் சொட்ட வரிசையில் நிற்கின்றன. வால்வின் வாய்க்குள், ஓ-ரிங்குக்கு நடுவே இருக்கும் சின்னக் குழியில் கடல்நீர் தேங்கியிருக்கிறது. பக்கத்தில் கம்ப்ரஸரின் குழாய் தரையில் கிடக்கிறது, அதன் முனையிலும் ஈரம். அவசரத்தில் இரண்டையும் அப்படியே மாட்டி வால்வைத் திறந்துவிடுகிறார்கள். வரும் காற்று அந்த நீரை முன்னால் தள்ளிக்கொண்டு டேங்குக்குள் போகிறது. வெளியே ஒன்றும் தெரியாது, சத்தமும் மாறாது. ஒரு தடவைக்கு அரை மில்லி போனதாக வைத்துக்கொண்டால்கூட 50 தடவை நிரப்பியபின் 25 மில்லி, அதாவது ஐந்து டீஸ்பூன் கடல். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற கணக்கில் அதில் கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்பு இருக்கும். நீர் காய்ந்தாலும் உப்பு போகாது. அடுத்த துளி ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதைத் தடுக்க ஆகும் நேரம் மூன்று விநாடி. மாட்டுவதற்கு முன் சிலிண்டர் வால்வை ஒரு கணம் திறந்து ‘புஸ்’ஸென்று காற்றை விட்டு மூடுங்கள், வாயில் இருக்கும் நீர் தெறித்துப் போய்விடும். நிரப்பும் குழாயின் முனையையும் அப்படியே ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கடையில் இருப்பவர் செய்யவில்லையென்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள். வால்வு வாய்க்கு மூடி போட்டு வையுங்கள். இவ்வளவு எளிய காரியத்தைச் சொல்ல ஒரு மடலா என்று தோன்றலாம். எஃகு சிலிண்டர்களின் உள்துருவுக்கு முதல் காரணமே இந்த மூன்று விநாடியைச் செலவழிக்காததுதான்.

ஈரம் உள்ளே போகும் இரண்டாவது வழி, டேங்கை நீருக்கடியில் முழுக்கக் காலி செய்வது. உள்ளழுத்தம் வெளியே இருக்கும் நீரின் அழுத்தத்துக்குக் குறைந்துவிட்டால், வால்வு திறந்திருக்கும்போது கடல் உள்ளே ஏறும். எப்போதும் 10 முதல் 20 பார் மிச்சம் வைத்துக் கரையேறுங்கள். தூக்குப் பைகளில் காற்று நிரப்பி நங்கூரத்தையோ வலையையோ மேலே தூக்குபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கடைசி மூச்சுவரை காற்றைச் செலவழிப்பது அந்த வேலையில்தான் அதிகம்.

மூன்றாவது, கம்ப்ரஸர். நம் கடற்கரையில் 30 டிகிரி வெயிலில், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கிறது. 12 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 2.4 கனமீட்டர் காற்று வேண்டும். ஆக ஒரே ஒரு சிலிண்டருக்காக உறிஞ்சும் காற்றோடு 58 கிராம் தண்ணீர், கால் டம்ளருக்கும் மேல், கம்ப்ரஸருக்குள் போகிறது. நீர்ப்பிரிப்பானும் வடிகட்டியும் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து சிலிண்டருக்குப் போகும் சுவாசக் காற்றில் கனமீட்டருக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் நீர் இருக்கக்கூடாது என்கிறது ஐரோப்பியத் தரம் ஈஎன் 12021. அந்த வரம்புக்குள் இருந்தால் ஒரு சிலிண்டருக்குள் போவது 60 மில்லிகிராம்தான், ஒன்றிரண்டு துளி. வடிகட்டிக் குப்பியை உரிய நேரத்தில் மாற்றாத கடையில் இந்தக் கணக்கே தலைகீழாகிவிடும். வடிகட்டியைக் கடைசியாக மாற்றிய தேதி என்ன என்று கேட்பது அநாகரிகமல்ல. நல்ல கடைக்காரர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுவார்.

துருவால் டேங்க் வெடிக்கும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. பலருக்குத் தெரியாத ஆபத்து வேறு ஒன்று. துரு என்பதே இரும்பு ஆக்ஸிஜனைத் தின்றதன் மிச்சம். மூடிய டேங்குக்குள் அது தின்பது நீங்கள் சுவாசிக்க வைத்திருக்கும் ஆக்ஸிஜனை.

ஒரு கணக்கைப் பாருங்கள். போன வருடம் மூலையில் வைத்த 12 லிட்டர் சிலிண்டரில் 40 பார் மிச்சம் இருக்கிறது, அடியில் கொஞ்சம் உப்புநீரும் இருக்கிறது. 480 லிட்டர் காற்று, அதில் சுமார் 100 லிட்டர் ஆக்ஸிஜன். அதில் பாதியைத் தின்று தீர்க்கச் சுமார் 150 கிராம் இரும்பு துருவானால் போதும். அந்த 150 கிராமை டேங்கின் உட்சுவர் முழுவதும் சமமாகப் பரப்பினால் ஒரு தலைமுடியின் தடிமன்தான் வரும். டேங்கைத் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பிரஷர் கேஜிலும் ஏதோ கொஞ்சம் கசிந்திருக்கிறது என்றுதான் படும். காற்றுக்கு நாற்றம் கிடையாது, சுவையும் மாறியிருக்காது.

ஒருநாள் படகின் நங்கூரம் பாறையில் சிக்கிக்கொள்கிறது. ஐந்து நிமிட வேலை, இருக்கிற காற்று போதும் என்று ஒருவர் அந்த டேங்கை மாட்டிக்கொண்டு சடாரென்று இறங்கிவிடுகிறார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2 பார். அங்கே சுமார் 12 சதவீத ஆக்ஸிஜன், தரையில் நல்ல காற்றைச் சுவாசிப்பதுபோலவே உடம்புக்குப் படும். ஆபத்து மேலே ஏறும்போது வருகிறது. ஏற ஏற அழுத்தம் குறையும், ஆக்ஸிஜனின் பங்கழுத்தமும் கூடவே பாதியாகச் சரியும். மூச்சு முட்டுகிறதே என்ற உணர்வை உடம்புக்குத் தருவது ஆக்ஸிஜன் குறைவு அல்ல, கரியமில வாயு சேர்வது. இங்கே கரியமில வாயு சேருவதில்லை, அது மூச்சோடு வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதனால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பலாம், தண்ணீருக்குள்ளேயே. இது கற்பனைக் கணக்கு என்றாலும் ஆபத்து கற்பனையல்ல. துரு ஆக்ஸிஜனைத் தின்ற டேங்கைச் சுவாசித்து இறந்தவர்கள் முக்குளிப்பு வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் இயங்கிய தேசிய நீரடி விபத்துத் தரவு மையம் 1970இலேயே ஸ்கூபா சிலிண்டர்களின் அரிப்பைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது.

ஆகவே மாதக்கணக்கில் கிடந்த எந்த டேங்கையும் அப்படியே சுவாசிக்காதீர்கள். பழைய காற்றை நைட்ராக்ஸ் டைவர்கள் வைத்திருக்கும் ஆக்ஸிஜன் அனலைசரில் ஒரு தடவை காட்டிவிட்டு, மெல்லத் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். அனலைசரில் 20.9 என்று வந்திருக்க வேண்டும். குறைந்து காட்டினால் டேங்க் கடலுக்கல்ல, பரிசோதகரிடம் போக வேண்டும்.

வெளிப்புறத்துக்கு வருவோம். எஃகு சிலிண்டரின் அடி உருண்டையாக இருப்பதால், நிற்க வைக்க ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு ‘பூட்’ மாட்டுகிறார்கள். அந்த பூட்டைக் கழற்றிப் பார்க்காதவர்களே அதிகம். கழற்றினால் உள்ளே ஈர மணல், கிளிஞ்சல் பொடி, அதற்குக் கீழே வளையம் வளையமாகத் துரு. வலைப்பை போட்டிருந்தாலும், பட்டை கட்டும் இடத்திலும், ஒட்டிய ஸ்டிக்கருக்குக் கீழும் இதே கதைதான்: உப்பு தேங்கும், காற்றோட்டம் இருக்காது. ஒவ்வொரு கடல் டைவுக்குப் பின்னும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மாதம் ஒரு தடவையாவது பூட்டைக் கழற்றிக் கழுவி, நிழலில் காயவிட்டு மாட்டுங்கள். வடிகால் துளை உள்ள பூட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

நல்ல எஃகு சிலிண்டர்கள் வெளியே துத்தநாகப் பூச்சோடு வருகின்றன. நம் வீட்டு ஜி.ஐ. வாளிக்குப் பூசும் அதே துத்தநாகம். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தான் கரைந்து பக்கத்தில் இருக்கும் இரும்பைக் காப்பாற்றும். மேலே வெள்ளைப் பொடி பூத்தால் பயப்பட வேண்டாம். ஆனால் கீறல் ஆழமாகிச் சிவப்பு தெரிந்துவிட்டால் தள்ளிப் போடக்கூடாது. கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து எடுத்து, துடைத்து, காய வைத்து, துத்தநாகம் கலந்த பெயின்ட் பூசுங்கள். அரைக்கும் மிஷினைக் கொண்டுபோகாதீர்கள், அது துருவோடு நல்ல உலோகத்தையும் சேர்த்துச் சீவிவிடும். அடுப்பில் சூடாக்கி உறைய வைக்கும் பவுடர் கோட்டிங்குக்கும் கொடுக்காதீர்கள். எஃகின் வலிமை அதைப் பதப்படுத்திய வெப்பத்தில் இருக்கிறது; பட்டறைக்காரருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தோள்பகுதியில் பொறித்திருக்கும் எண்களைப் பெயின்டால் மூடிவிடாதீர்கள். உங்கள் டேங்கின் ஜாதகமே அதுதான்.

பரிசோதகரின் மேஜையில் என்ன நடக்கிறது என்று ஒருமுறையாவது கூட நின்று பார்க்க வேண்டும். காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு வால்வைக் கழற்றுகிறார். வால்வின் அடியில் விரல்நீளத்துக்கு ஒரு சின்னக் குழாய் தொங்குகிறது. டைவர் தலைகீழாகத் திரும்பும்போது டேங்கில் கிடக்கும் நீரும் துருத்தூளும் ரெகுலேட்டருக்குப் போகாமல் தடுப்பது இதுதான். அதன் நுனி சிவந்திருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிடும். காலி டேங்கைச் சின்னச் சுத்தியலால் தட்டுகிறார். நல்ல எஃகு கோயில் மணிபோல் நீண்டு ஒலிக்கும். துரு மண்டியது ‘தொப்’பென்று அடங்கிவிடும். பிறகு ஒரு சிறு விளக்கைக் கழுத்து வழியாக உள்ளே இறக்குகிறார். மஞ்சளாக லேசாகப் படர்ந்த தூசு என்றால் கவலையில்லை. தனித்தனிக் குழி, வரிசையாகக் கோர்த்த குழி, நீர் தேங்கிய மட்டத்தைக் காட்டும் கோடு என்று ஒவ்வொன்றையும் தேடுகிறார். கோடாக ஓடும் அரிப்புதான் மோசம். சுவர் அந்தக் கோட்டின் நெடுகிலும் பலவீனமாகிவிடுகிறது. டேங்கைப் படுக்க வைத்தே மாதக்கணக்கில் வைத்திருந்தால் இந்தக் கோடு சுவரின் மெல்லிய பகுதியில் விழும். நிற்க வைத்தால் ஈரம் அடியில் தேங்கும், அடிதான் டேங்கிலேயே தடித்த இடம். அதனால் நிற்க வைத்து, சாய்ந்து விழாமல் சங்கிலியால் கட்டி வையுங்கள்.

துரு மேலோட்டமானது என்றால் வைத்தியம் உண்டு. டேங்கில் பாதியளவுக்கு உராயும் கற்களைப் போட்டு, தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் சேர்த்து, மோட்டார் உருளைகளின் மேல் வைத்து மணிக்கணக்கில் உருட்டுகிறார்கள். வெளியே கொட்டும்போது தண்ணீர் செங்காவி நிறத்தில் வரும். அடுத்த சில நிமிடங்கள்தான் முக்கியம். வெறும் இரும்பு ஈரத்தோடு காற்றைப் பார்த்தால் கண்முன்னாலேயே மறுபடி ஆரஞ்சு நிறம் படரும். ஆகவே சுடுநீரில் அலசி, கவிழ்த்து, உலர்ந்த சூடான காற்றை உடனே உள்ளே செலுத்துகிறார்கள். அதன்பின் மறுபடி விளக்கு, மறுபடி பார்வை. துரு போனபின்தான் குழியின் உண்மையான ஆழம் தெரியும். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசோனிக் கருவியால் சுவரின் தடிமனை அளக்கிறார்கள்.

வீட்டில் ஆசிட் ஊற்றிக் குலுக்கி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆசிட் துருவோடு நிற்காது. அதில் பிறக்கும் ஹைட்ரஜன் வலிமையான எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். மிச்சம் தங்கும் ரசாயனத்தை நீங்களே சுவாசிக்கவும் வேண்டியிருக்கும். உள்ளே பெயின்ட் பூசும் யோசனையும் பழசுதான். ஒரு காலத்தில் அமெரிக்காவில் எஃகு டேங்குகளின் உள்ளே எபாக்ஸி பூசி விற்றார்கள். பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்ததும் அதற்கும் சுவருக்கும் நடுவே நீர் புகுந்துகொண்டது. கீழே குழி ஆழமாகிக்கொண்டிருக்க, மேலே பூச்சு பளபளவென்று இருந்தது. பரிசோதகருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

பரிசோதனைக் காலம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் நீரழுத்தச் சோதனையான ஹைட்ரோ டெஸ்ட் 5 வருடத்துக்கு ஒரு முறை. உட்புறப் பார்வையை வருடத்துக்கு ஒரு முறை டைவிங் தொழிலே வழக்கமாக்கிக்கொண்டது. பிரிட்டனில் உட்புறப் பார்வை இரண்டரை வருடத்துக்கு ஒன்று, ஹைட்ரோ 5 வருடத்துக்கு ஒன்று. ஆஸ்திரேலியாவில் வருடம் தவறாமல் சோதனை. இந்தியாவில் 2016ஆம் வருடத்து எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அனுமதி பெற்ற நிலையத்தில்தான் சோதிக்க வேண்டும். சட்டம் எதைச் சொன்னாலும், கடலில் இறங்கும் எஃகு டேங்கின் உள்ளே வருடம் ஒரு முறை விளக்கு இறங்கட்டும். உள்ளே நீர் போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வருடம்வரை காத்திருக்க வேண்டாம். ரெகுலேட்டரின் முதல் நிலையில் இருக்கும் சின்ன வடிகட்டியைப் பாருங்கள்: சிவந்திருந்தால் டேங்கில் துரு, பச்சை பூத்திருந்தால் வால்விலோ ரெகுலேட்டரிலோ உப்புநீர் புகுந்து பித்தளையை அரித்திருக்கிறது.

உங்களில் பழைய டேங்க் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. விலை பேசுவதற்கு முன் தோள்பகுதியில் கடைசி சோதனைத் தேதியைப் படியுங்கள். பூட்டைக் கழற்றச் சொல்லுங்கள். டேங்கைக் கவிழ்த்து ஆட்டிக் காதை வைத்துக் கேளுங்கள். சளசளத்தாலோ மணல் உருள்வதுபோல் சத்தம் வந்தாலோ, பரிசோதகர் பார்க்கும்வரை பணம் கொடுக்க வேண்டாம். விற்கிறவர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் விட்டுவிட்டு வாருங்கள்.

பரிசோதகர் ஒரு டேங்கை வேண்டாம் என்று ஒதுக்கினால் அவரோடு வாதாடாதீர்கள். பல வருடம் கூடவே இறங்கிய டேங்கை விட மனம் வராது என்பது புரிகிறது. ஆனால் அதைப் பரணில் ஏற்றி வைத்தால், ஒருநாள் உங்கள் தம்பியோ நண்பரோ விவரம் தெரியாமல் எடுத்து நிரப்பக் கொண்டுபோவார். நிரப்பும் அறையில் அதன் பக்கத்தில் நிற்கப்போவது கம்ப்ரஸர் ஓட்டும் பையன். வால்வைக் கழற்றிக்கொண்டு, கழுத்தை அறுத்தோ உடலில் துளையிட்டோ, இனி யாராலும் நிரப்ப முடியாதபடி செய்து பழைய இரும்புக்குப் போடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மூலையில் நிற்கும் டேங்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பூட்டைக் கழற்றுங்கள். தோளில் இருக்கும் தேதியைக் கைப்பேசியில் படம் பிடித்து, உங்களோடு டைவ் போகும் நண்பருக்கும் அனுப்புங்கள். அவருடைய டேங்கின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்த டேங்கின் தேதி பழையதோ அது திங்கட்கிழமை பரிசோதகரிடம் போகட்டும்.

அக்கறையுடன்,
உங்களைப்போலவே எஃகு டேங்க் கட்டிக்கொண்டு இறங்கும் ஒருவர்